விற்றுப்போன பொருளுக்கு இன்னும் ஏன் விளம்பரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பொருள், வீடு, வாகனம், வேலை போன்றவற்றுக்குச் சிறு விளம்பரம் போடும் இணைய வரி விளம்பரத் தளங்களைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு வகை. எந்தத் தளத்தில் எத்தனை லட்சம் விளம்பரங்கள் என்ற கணக்கு ஒன்று. பழைய பொருள் வாங்கப் போனவர் பணத்தைப் பறிகொடுத்த கதை இன்னொன்று. வாசகர்கள் இவற்றைத் தனித்தனியாகவே படிக்கிறார்கள். ஆனால் முதலாவது கணக்குதான் இரண்டாவது கதைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் அதை விளக்கிச் சொல்லவே இக்கடிதம்.

நாளிதழில் மட்டுமே வரி விளம்பரம் வந்த காலத்தில் அதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் இயல்பாகவே இருந்தன. வரிக்கு இவ்வளவு என்று காசு கட்ட வேண்டும். மறுநாள் காலையில் புதுத் தாள் வந்ததும் பழைய விளம்பரம் தானாகச் செத்துவிடும். பொருள் விற்காதவர்தான் மறுபடி காசு கட்டுவார். அதனால் அன்றைய தாளில் இருந்தவற்றில் பெரும்பாலானவை அன்று உண்மையிலேயே விற்பனைக்கு இருந்த பொருள்கள். இணையம் இந்த இரண்டு கட்டுப்பாடுகளையும் தளர்த்திவிட்டது. 1995-இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் நண்பர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல் பட்டியலாகத் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளம், வேலைவாய்ப்பு போன்ற சில பிரிவுகளைத் தவிர மற்றவற்றை இலவசமாக்கியது. அமெரிக்க நாளிதழ்களின் வரி விளம்பர வருமானம் 2000-இல் ஏறத்தாழ 1,960 கோடி டாலர். 2009-இல் அது சுமார் 600 கோடி டாலர். 2000 முதல் 2007 வரை கிரெய்க்ஸ்லிஸ்டால் மட்டும் விளம்பரம் கொடுப்பவர்களுக்கு சுமார் 500 கோடி டாலர் மிச்சமானது என்று ராபர்ட் சீமன்ஸ், ஃபெங் ஜூ இருவரின் ஆய்வு மதிப்பிட்டது. பத்திரிகைகள் இழந்த இந்தக் காசைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. விளம்பரம் தானாகச் சாகும் ஏற்பாடு போனதைப் பற்றித்தான் போதிய பேச்சு இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தளத்தில் ஒரு பிரிவுக்கு தினமும் 100 புது விளம்பரங்கள் வருகின்றன. ஒவ்வொரு பொருளும் பத்து நாளில் விற்றுப்போகிறது. விற்றவர் விளம்பரத்தை நீக்குவதில்லை. தளம் 60 நாள் கழித்துத்தான் எடுக்கிறது. எந்த நாளில் பார்த்தாலும் அங்கே 6,000 விளம்பரங்கள் தெரியும். அவற்றில் உயிரோடு இருப்பவை 1,000. மீதி 5,000 செத்தவை. வாங்க வருபவர் ஆறு பேரைத் தொடர்புகொண்டால் ஒருவரிடம்தான் பொருள் இருக்கும். ஆயுளை 20 நாளாகக் குறைத்தால் பட்டியல் 2,000 ஆகச் சுருங்கும். ஆனால் இரண்டில் ஒன்று உயிரோடு இருக்கும். விற்பவர், வாங்குபவர், பொருள் எதிலும் மாற்றமில்லை. தளத்தின் பயன் மட்டும் மூன்று மடங்காகிறது. ஆனாலும் 60 நாள் வைத்திருக்கும் தளம்தான் தன்னை 'மூன்று மடங்கு பெரிய தளம்' என்று விளம்பரப்படுத்திக்கொள்ளும்.

மோசடி உள்ளே நுழைவது இந்த இடைவெளியில்தான். ஐந்து பேருக்குச் செய்தி அனுப்பியும் பதில் வராமல் சலித்துப்போன ஒருவருக்கு, ஆறாவது ஆள் இரண்டு நிமிடத்தில் மரியாதையாகப் பதில் தருகிறார். பொருள் இருக்கிறது, விலை குறைவு, நிறையப் பேர் கேட்கிறார்கள், சின்ன முன்பணம் போட்டால் எடுத்து வைக்கிறேன் என்கிறார். நேர்மையானவர்கள் விற்றுவிட்டு மௌனமாக இருக்கும் பட்டியலில், எப்போதும் விழித்திருந்து பதில் தருபவன் மோசடிக்காரன் ஒருவனே. ஏமாந்தவரைப் பார்த்து 'பேராசை' என்று சொல்வது நியாயமில்லை. பதில் சொல்லும் ஆளை நம்பும்படி அவரைப் பழக்கியது அந்தப் பட்டியல்தான்.

தளங்கள் ஏன் இதைச் சரிசெய்வதில்லை? முதலீட்டாளருக்குக் காட்டும் அறிக்கையில் 'நடப்பு விளம்பரங்கள்' என்பது முதல் வரி. தேடுபொறியில் எத்தனை பக்கங்கள் ஏறியிருக்கின்றன என்பது அடுத்த வரி. செத்த விளம்பரம் இந்த இரண்டு வரிகளையும் பெருக்கிக் காட்டும். இதில் கூகுள் ஓரளவு கண்டிப்பு காட்டுகிறது. 2017-இல் தொடங்கிய அதன் வேலை தேடல் வசதியில் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முடிவுத் தேதி குறிக்க வழி உண்டு. ஆள் எடுத்து முடித்த வேலையை நீக்காமல் வைத்திருக்கும் தளத்தின் மீது நடவடிக்கையும் உண்டு. மற்றப் பிரிவுகளில் அப்படிக் கேட்பார் இல்லாததால், அந்தப் பொறுப்பைத் தளமே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியது கடினமான தொழில்நுட்பம் அல்ல. பிரிவுக்கு ஏற்ற ஆயுள் வைக்க வேண்டும்: வாடகை வீட்டுக்கும் செல்போனுக்கும் 14 நாள், வாகனத்துக்கும் வேலைக்கும் 30, விற்பனை மனைக்கு 60 என்று தொடங்கி, உண்மையில் எத்தனை நாளில் விற்கிறது என்று பார்த்துத் திருத்தலாம். ஏழாம் நாள் விற்பவருக்கு ஒரே ஒரு கேள்வி: 'விற்றாயிற்றா?' ஆம், இல்லை என்று இரண்டே பொத்தான்கள். உள்ளே நுழைய கடவுச்சொல் கேட்டால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்; அதனால் குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டாலே போதும் என்று இருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டு, அதற்கும் மௌனம் என்றால் விளம்பரத்தை மறைத்து வைக்க வேண்டும். அழிக்கக் கூடாது. ஊருக்குப் போய்விட்டு வந்தவர் ஒரு தொடுதலில் மீட்டுக்கொள்ள முடிய வேண்டும். வாங்க வந்த மூன்று வெவ்வேறு பேர் 'பதில் வரவில்லை' என்று குறித்தால் ஏழாம் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே கேட்கலாம்.

விற்பவர் தானாக வந்து மூடுவதற்கு ஒரு காரணத்தையும் கொடுக்க வேண்டும். விளம்பரத்தை 30 நாள் பட்டியலின் மேலே வைக்கக் காசு கட்டியவருக்குப் பொருள் எட்டாம் நாளே விற்றுவிட்டால், மீதி 22 நாளை அவர் கணக்கில் வரவு வைத்து அடுத்த விளம்பரத்துக்குத் தரலாம். இதைச் சொன்னால் நிர்வாகத்தின் முதல் பதில் 'வருமானம் போய்விடும்' என்பதுதான். வரவு இருக்கிறது என்பதற்காகவே அவர் அடுத்த முறையும் அதே தளத்துக்கு வருவார் என்பதை யோசிப்பதில்லை.

காசு வாங்கி மேலே ஏற்றும் முறையைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கத்தில் 20 விளம்பரங்கள் இருந்தால் காசு கட்டியவை இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் போகக் கூடாது. எல்லோரும் காசு கட்டி மேலே ஏறினால் வரிசை பழையபடியே இருக்கும். இலவசமாக இருந்த இடத்துக்கே இப்போது காசு என்று ஆகிவிடும். காசு கட்டாதவர் பத்தாம் பக்கத்துக்குப் போவார், ஒரு அழைப்புகூட வராமல் தளத்தை விட்டே போய்விடுவார். வீட்டிலிருந்து ஒரே ஒரு மேசையை விற்க வரும் அந்த ஆள்தான் இந்தத் தொழிலின் மூலதனம். அவர் பொருளைத் தேடித்தான் கூட்டம் வருகிறது, கூட்டத்தைத் தேடித்தான் டீலர் காசு தருகிறார். ஆகவே தனிநபருக்கு இலவசம், தொழில்முறை விற்பனையாளருக்குக் கட்டணம் என்ற பழைய ஏற்பாடே இன்றும் சரி. சிக்கல், தனிநபர் போல நடிக்கும் டீலரை அடையாளம் காண்பதில். ஒரே எண்ணிலிருந்து ஆண்டுக்கு நான்கு வாகனங்களுக்கு மேல் வந்தால் அது தொழில் என்று வரம்பு வைக்கலாம். எண்ணை மாற்றுபவர்களைப் படத்தின் பின்னணி காட்டிக்கொடுக்கும். ஒரே சுவர், ஒரே தரை மறுபடி மறுபடி வரும்.

வாங்க நினைப்பவர் அழைத்துக் கேட்கும் ஒவ்வொரு விசாரணைக்கும் டீலரிடம் இவ்வளவு என்று வசூலிக்கும் தளங்களில் சண்டை வருவது 'விசாரணை' என்ற சொல்லின் பொருளில். ஒரே ஆள் ஒரே நாளில் ஐந்து முறை அழைத்தால் ஐந்தா, ஒன்றா? தவறிய அழைப்பு கணக்கில் சேருமா? ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்: 30 நாளுக்குள் அதே எண்ணிலிருந்து வருவதெல்லாம் ஒன்று, 30 விநாடிக்குக் குறைந்த அழைப்புக்குக் காசில்லை.

இனி, விளம்பரங்களைச் சரிபார்க்கும் வேலை. ஒரு விளம்பரத்தைப் பார்க்க 30 விநாடி என்றால் ஒருவர் மணிக்கு 120 பார்க்கலாம். நாளைக்கு 10,000 வரும் தளத்துக்கு 83 மணி நேர வேலை. எட்டு மணி நேர வேலைநாள் என்றால் பத்து பேருக்கும் மேல். அதனால் எல்லாத் தளங்களும் இயந்திர வடிகட்டியை நாடுகின்றன. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. அந்த 10,000-இல் 100 மோசடி என்று வைத்துக்கொள்வோம். வடிகட்டி 99 சதவீதம் சரி. 99 மோசடிகளைப் பிடிக்கும். கூடவே நேர்மையான 9,900-இல் 99 விளம்பரங்களையும் தவறாக நிறுத்திவிடும். நிறுத்தப்பட்டவர்களில் பாதிப் பேர் குற்றமற்றவர்கள். அவர்களுக்கு 'விதிமீறல்' என்று ஒரு வரி அனுப்பிக் கணக்கை முடக்கினால் திரும்பி வரமாட்டார்கள். இயந்திரம் சந்தேகப்பட்டதை மனிதர் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது 198 மட்டுமே என்பதால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

படத் திருட்டைப் பிடிக்க எளிய முறை ஒன்று உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி 9-க்கு 8 புள்ளிகளாகச் சுருக்கி, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் எது அதிக வெளிச்சம் என்று ஒப்பிட்டால் 64 விடைகள் கிடைக்கும். அந்த 64-உம் படத்தின் கைரேகை. இரண்டு படங்களின் கைரேகையில் பத்துக்கும் குறைவான இடங்களே மாறியிருந்தால் அவை ஒரே படம் என்று சந்தேகிக்கலாம். அளவை மாற்றினாலும் தரத்தைக் குறைத்தாலும் இது கண்டுபிடித்துவிடும். இடம் வலமாகப் புரட்டினால் ஏமாறும். அதனால் புரட்டிய படத்தின் கைரேகையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். நன்றாக ஓரம் வெட்டிய படத்தைப் பிடிக்காது. தயாரிப்பு நிறுவனத்தின் படத்தைப் பலரும் போடும் இடத்தில் வீணாகக் கூச்சலிடும். அங்கே சொந்தமாக எடுத்த படம்தான் ஏற்கப்படும் என்று விதி வைப்பதே வழி. இன்னொன்றும் மறக்கக் கூடாது. செல்போன் படத்துக்குள் அதை எடுத்த இடத்தின் குறியீடு ஒளிந்திருக்கலாம். பதிவேற்றும்போதே தளம் அதை நீக்காவிட்டால், விலையுயர்ந்த பொருளின் படத்தோடு வீட்டு முகவரியையும் ஊருக்கே கொடுத்ததாகிவிடும்.

தொலைபேசி எண்ணை ஓடிபி கொண்டு சரிபார்ப்பது தேவைதான். ஆனால் அந்த எண் இப்போது அவர் கையில் இருக்கிறது என்பதைத் தவிர அது வேறெதையும் நிரூபிப்பதில்லை. இன்று பெரும் தொல்லை, திருடப்பட்ட பழைய கணக்குகள். ஐந்தாண்டு நற்பெயர் உள்ள கணக்கை வாங்கியோ திருடியோ, அதில் மோசடி விளம்பரம் போடுகிறார்கள். ஆறு மாதம் தூங்கிய கணக்கு திடீரென விழித்து, புதுக் கருவியிலிருந்து, இதுவரை தொடாத பிரிவில், ஒரே மணி நேரத்தில் பத்து விளம்பரம் போட்டால் அங்கே நிறுத்தி மறுபடி சரிபார்க்க வேண்டும்.

உரையாடலைத் தளத்துக்கு வெளியே இழுப்பது மோசடியின் முதல் படி. இரண்டாவது மூன்றாவது செய்தியிலேயே 'வாட்ஸ்அப்பில் பேசலாம்' என்பார்கள். எண்ணை வடிகட்டி பிடிக்கிறது என்று தெரிந்ததும் 'ஒன்பது எட்டு' என்று எழுத்தில் எழுதுவார்கள், அல்லது படத்துக்குள் எழுதி அனுப்புவார்கள். நேர்மையானவர்களும் எண்ணைக் கேட்பதால் முழுத் தடை பலிக்காது. இருவருக்கும் நடுவில் தற்காலிக எண் ஒன்றைக் கொடுத்து அழைப்பை இணைப்பதே நல்லது. விளம்பரம் மூடியதும் அந்த எண்ணும் மூடிவிடும், சொந்த எண் யார் கைக்கும் போகாது.

விற்பவர்களைக் குறிவைக்கும் மோசடிகளைப் பற்றி வாசகர்களுக்குக் குறைவாகவே தெரிகிறது. 'பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்' என்றால் அது உங்கள் பணம் வெளியே போகும் வழி. பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை. 'நீங்கள் உண்மையான ஆளா என்று பார்க்க ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறேன், சொல்லுங்கள்' என்றால் உங்கள் எண்ணில் அவர்கள் கணக்கு திறக்கிறார்கள், அல்லது உங்கள் கணக்கைப் பிடிக்கிறார்கள். 'கூரியர்காரர் வந்து எடுத்துக்கொள்வார், பணம் பெற இந்த இணைப்பில் அட்டை விவரம் கொடுங்கள்' என்று வரும் பக்கம் தளத்தின் பக்கத்தைப் போலவே இருக்கும். முகவரியைப் பார்த்தால்தான் வேறு என்று தெரியும். 'தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்' என்றால் முதலில் வந்த பணமே பொய். வாடகைக்கு வீடு தேடுபவர்களிடம், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், முன்பணம் வந்ததும் சாவி தபாலில் வரும் என்பார்கள். வீட்டுக்குள் போய்ப் பார்க்காமல் ஒரு காசும் தரக் கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

தொழிலின் போக்குக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விற்ற பொதுத் தளங்களிடமிருந்து காசு தரும் மூன்று பிரிவுகளும், அதாவது வேலை, வீடு, வாகனம், தனித் தளங்களுக்குப் போய்விட்டன. காரணம் எளிது. வாகனம் வாங்குபவருக்கு ஓடிய தூரம், ஆண்டு, எத்தனையாவது உரிமையாளர் என்று பத்துக் கட்டங்கள் வேண்டும். பொதுத் தளம் ஒரே பெட்டியைக் கொடுத்து 'விவரம் எழுதுக' என்றது. பிரிட்டனில் 1977-இல் வாகன விளம்பர அச்சு இதழாகத் தொடங்கிய ஆட்டோ டிரேடர் 2013-இல் அச்சை முழுக்க நிறுத்தியது. இப்படிப்பட்ட தளங்களில் டீலரின் இருப்புக் கணக்கிலிருந்தே பட்டியல் தானாக வரும்படி இணைக்க முடியும். வண்டி போனால் விளம்பரமும் போய்விடும். மீதியிருந்த மேசை நாற்காலிப் பிரிவில் 2016-இல் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் வந்து அமர்ந்தது. அதை ஃபேஸ்புக்கோடு கட்டிவைத்ததற்கும், போட்டித் தளங்கள் தன்னிடம் கொடுத்த விளம்பரங்களின் தரவைத் தனக்கே பயன்படுத்தும்படி நிபந்தனை வைத்ததற்கும் ஐரோப்பிய ஆணையம் 2024 நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு சுமார் 79.8 கோடி யூரோ அபராதம் விதித்தது. இன்னொரு பக்கம், இபே தன் வரி விளம்பரப் பிரிவை சுமார் 920 கோடி டாலருக்கு அடெவின்டா என்ற வரி விளம்பர நிறுவனத்துக்கு விற்க 2020-இல் ஒப்புக்கொண்டது.

இடைத்தரகராக இருந்து காசு போதவில்லை என்று, பொருளையே வாங்கி விற்க இறங்கியவர்களும் உண்டு. பழைய கார்களை வாங்கி விற்ற ஓஎல்எக்ஸ் ஆட்டோஸ் தொழிலிலிருந்து வெளியேறுவதாக அதன் உரிமையாளரான ப்ரோசஸ் குழுமம் 2023-இல் அறிவித்தது. இதில் உள்ள ஆபத்து, விற்காமல் தேங்கும் இருப்பு. தன் சொந்தக் காசில் வாங்கி நிறுத்திய வண்டி ஒவ்வொரு நாளும் விலை இறங்கும், நிறுத்துமிடத்துக்கு வாடகை கேட்கும். விளம்பரத் தளம் நடத்தத் தெரிந்தவருக்கு இருப்பு நடத்தவும் தெரியும் என்று நினைப்பது தவறு.

பணத்தை நடுவில் நிறுத்திவைத்து, பொருள் கைக்கு வந்தபின் விற்றவருக்கு விடுவிக்கும் முறை கூரியரில் போகும் சிறு பொருளுக்கு நன்றாக வேலை செய்கிறது. பழைய துணிமணி விற்கும் விண்டெட் தளத்தில் விற்பவருக்குக் கட்டணம் இல்லை. வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம் தருகிறார். பணம் கட்டியதும் விளம்பரம் தானாக மூடிவிடுவதால் செத்த விளம்பரம் என்ற நோயே அங்கு குறைவு. அலமாரிக்கும் காருக்கும் இது பொருந்தாது. தகராறுச் செலவும் உண்டு: 'பெட்டி காலியாக வந்தது' என்றால் யாரை நம்புவது? பெட்டியைக் கட்டும்போது எடை தெரியும்படி ஒரு படம், பிரிக்கும்போது வெட்டாத ஒரு வீடியோ, புகாருக்கு 48 மணி நேரம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதித் தகராறு தீரும்.

செயற்கை நுண்ணறிவு இப்போது இரு தரப்பிலும் நிற்கிறது. படத்தைப் பார்த்து பிரிவையும் தலைப்பையும் அதுவே நிரப்புவதால் விளம்பரம் போடும் சிரமம் குறைகிறது. ஆனால் படத்தில் தெரியாததையும் ஊகித்து எழுதிவிடும். மாடலையும் கொள்ளளவையும் விற்பவர் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்ட பிறகே வெளியிட வேண்டும். மோசடியைக் காட்டிக்கொடுத்த எழுத்துப் பிழைகளும் ஒட்டாத மொழிபெயர்ப்பும் இப்போது மறைந்துவிட்டன. பொருளின் பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய தாளை வைத்துப் படமெடுக்கச் சொல்லும் பழைய சோதனையும் போலியாக்க எளிதாகிவிட்டது. செயலிக்குள்ளேயே அப்போதே எடுக்கும் பத்து விநாடி வீடியோ இப்போதைக்கு அதைவிட நம்பத்தக்கது.

புதிதாகத் தளம் தொடங்க நினைப்பவர்கள் ஆயத்த மென்பொருளை வாங்கி ஐம்பது பிரிவுகளைத் திறந்துவிடுகிறார்கள். பிரிவுக்கு மூன்று விளம்பரங்கள் இருக்கும்; பார்த்தவர் மறுபடி வரமாட்டார். ஒரு பகுதி, ஒரு பிரிவு, அதில் உயிருள்ள 200 விளம்பரங்கள் என்று தொடங்கினால் பிழைக்க வழியுண்டு. தினமும் பார்க்க வேண்டிய எண்கள் மூன்று: எத்தனை சதவீத விளம்பரங்களுக்கு ஒரு விசாரணையாவது வந்தது, முதல் செய்திக்கு 24 மணி நேரத்தில் எத்தனை சதவீதம் பதில் போனது, எத்தனை விளம்பரங்களை விற்பவரே 'விற்றது' என்று மூடினார்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். இத்தளங்களைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது விளம்பர எண்ணிக்கையோடு நில்லாமல் இந்த மூன்று எண்களையும் நிறுவனங்களிடம் கேட்டு வெளியிடுங்கள். தர மறுத்தால் மறுத்ததையும் எழுதுங்கள். இரண்டாவது, அச்சில் வந்த வரி விளம்பரத்தை இணையப் பதிப்பில் ஏற்றும் பத்திரிகைகள் அதை அங்கேயே விட்டுவிடும் வழக்கம் மாற வேண்டும். ஒவ்வொன்றின் தலையிலும் வெளியான தேதி இருக்கட்டும், கட்டணம் முடிந்த அன்றே பக்கமும் முடியட்டும், அந்த முகவரிக்கு வருபவருக்கு 'இந்த விளம்பரம் முடிந்துவிட்டது' என்ற வரியும் அதே பிரிவின் இன்றைய விளம்பரங்களும் தெரியட்டும்.

இப்படிக்கு,
இணைய வரி விளம்பரத் துறையில் பணிபுரிவோர் சிலர்